ஸ்டெப்னி ஏறாத ராத்திரி: ரிம் சைஸ், எடை, பிரேக் பற்றி முதலிலிருந்து

எண்ணூர் விரைவுச் சாலை, ராத்திரி பதினொன்றரை மணி, முன்பக்க டயர் பங்சர். ஒரு பக்கம் கடல் இரைச்சல், இன்னொரு பக்கம் துறைமுகத்துக்குள் போக வரிசை கட்டி நிற்கிற கண்டெய்னர் லாரிகள். ஜாக்கி போட்டு, நாலு நட்டையும் கழற்றி, வீலை எடுத்து ஓரமாகச் சாய்த்துவிட்டு, டிக்கியிலிருந்து ஸ்டெப்னியை உருட்டி வந்து மாட்டப் போனால் ஏறவே இல்லை. போல்ட்டுக்கு நேராக ஓட்டைகள் சரியாகத்தான் வருகின்றன, ஆனால் கடைசி ஒரு விரற்கடை தூரம் உள்ளே போய் உட்கார ரிம் மறுக்கிறது. திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தேன், தட்டிப் பார்த்தேன், திட்டியும் பார்த்தேன்.

லாரி வரிசையிலிருந்து இறங்கி வந்த ஒரு கிளீனர் தம்பி, செல்போன் வெளிச்சத்தை உள்ளே அடித்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, காலிபர் இடிக்குது. இது உங்க வண்டி ஸ்டெப்னியே இல்ல" என்றான். காலிபர் என்றால் பிரேக் தட்டைக் கவ்விப் பிடிக்கிற பாகம். அவன் சொன்னது பாதிதான் சரி. ஸ்டெப்னி அந்த வண்டியோடு கம்பெனியிலிருந்து வந்த அதே 14 அங்குல இரும்பு வீல்தான். மாறியது பிரேக். வண்டி என்னிடம் வந்தது மூன்றாவது கையாக. எனக்கு முந்தைய ஓனர் முன்பக்கம் பெரிய டிஸ்க்கும் பெரிய காலிபரும் போட்டு, அதற்கேற்ற மாதிரி நாலு சக்கரத்துக்கும் 16 அங்குல அலாய் (அலுமினியக் கலவை வீல்) மாட்டியிருந்தார். ஸ்டெப்னியை மட்டும் யாரும் நினைக்கவில்லை. வாங்கும்போது நானும் டிக்கியைத் திறந்து, ஸ்டெப்னி இருக்கா, இருக்கு, என்று மூடிவிட்டேன்.

வழியும் அந்தத் தம்பியே சொன்னான். "பின்னாடி டிரம்முதானே? அங்க ஏறும்." டிரம் பிரேக்கில் இடிக்கக் காலிபர் கிடையாது. பங்சரான வீலையே திரும்ப முன்னால் மாட்டி இறக்கி, பின்பக்கம் ஜாக்கி போட்டு நல்ல வீலைக் கழற்றி அந்த இடத்தில் 14-ஐ மாட்டி, மறுபடி முன்பக்கம் தூக்கி அந்த நல்ல வீலை அங்கே மாட்டி, ஆக மூன்று தடவை ஜாக்கி. சட்டை பிழிந்தால் ஒரு டம்ளர் தண்ணீர் வந்திருக்கும்.

வீல் என்றால் பார்க்க எடுப்பாக இருக்கிற வளையம் என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். அது பிரேக்குக்கு வீடு, கியருக்குக் கடைசிப் பல், சஸ்பென்ஷனுக்குச் சுமை என்பதெல்லாம் அன்றைக்கு அப்புறம்தான் ஒவ்வொன்றாகப் புரிந்தது. இப்போது என் சித்தி பையன் கொடுங்கையூரிலிருந்து தினமும் போன் பண்ணி, தன் ஸ்விஃப்டுக்கு 17 அங்குலம் போடலாமா என்று கேட்கிறான். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். நம் ஊர் பங்சர் கடைகளில் இரும்பு ரிம்மையும் 'டிஸ்க்' என்பார்கள், பிரேக் தட்டையும் 'டிஸ்க்' என்பார்கள். "டிஸ்க் வளைஞ்சிருக்கு" என்று ஒருவர் சொன்னால் எது என்று கேட்டுக்கொள்ளுங்கள், இரண்டுக்கும் செலவு வேறு, ஆபத்தும் வேறு. இந்தக் கட்டுரையில் டிஸ்க் என்றால் பிரேக் டிஸ்க் மட்டும்தான். டயர் உட்காருகிற உலோகம் ரிம். ரிம்மும் டயரும் சேர்ந்தது வீல்.

டயரின் பக்கவாட்டில் 185/65 ஆர்15 என்று எழுதியிருக்கும். 185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது மில்லிமீட்டர் இல்லை, சதவீதம். பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் 65 சதவீதம், அதாவது சுமார் 120 மி.மீ. 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். ஒரே வரியில் மூன்று விதமான அளவை, யார் யோசித்தார்களோ தெரியாது, உலகம் முழுக்க இதுதான். முழு வீலின் உயரம் வேண்டுமென்றால் ரிம் விட்டத்தோடு பக்கச்சுவரை இரண்டு முறை கூட்டுங்கள். 15 அங்குலம் 381 மி.மீ, அதோடு 120.25-ஐ இரண்டு முறை கூட்டினால் 621.5 மி.மீ.

இப்போது ஒரு வேடிக்கை. ஸ்விஃப்டின் அடிமட்ட மாடலில் 165/80 ஆர்14 வரும். கணக்குப் போட்டால் 619.6 மி.மீ. மேல் மாடலில் வருவது 185/65 ஆர்15, அது 621.5. பலேனோவில் வரும் 195/55 ஆர்16-க்குப் போட்டால் 620.9. ரிம் 14, 15, 16 என்று ஏறிக்கொண்டே போகிறது, ஆனால் தரையிலிருந்து அளந்தால் மூன்று வீலும் ஒரே உயரம். ரிம் பெருத்த அளவுக்கு ரப்பர் மெலிந்துகொண்டே வருகிறது. பக்கச்சுவர் 132, 120, 107 என்று இறங்கி, 17 அங்குலத்துக்கு 205/45 போட்டால் 92 மி.மீ-க்கு வந்து நிற்கும். நாலு விரலைச் சேர்த்து வைத்தால் வருகிற அகலத்தைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான் உங்கள் ரிம்முக்கும் தார்ச்சாலைக்கும் நடுவே இருப்பது.

மணலி பக்கம் டிரெய்லர் லாரிகள் போய்ப் போய்ப் பள்ளமான சாலையில் மழைக்கு மறுநாள் ஓட்டிப் பார்த்தவர்களுக்கு இந்த 40 மி.மீ வித்தியாசத்தின் மதிப்பு தெரியும். பள்ளத்தில் விழும்போது பக்கச்சுவர்தான் முதலில் நசுங்கி அடியை வாங்கிக்கொள்கிறது. அது மெலிந்திருந்தால் ரிம்மே அடி வாங்கும். இரும்பு ரிம் நசுங்கும், சுத்தியலால் தட்டி நிமிர்த்திக் கொடுக்கத் தண்டையார்பேட்டையில் ஆள் இருக்கிறார்கள். வார்ப்பு அலாய் கொஞ்சம் வளையும், அதற்கு மேல் போனால் விரிசல் விடும், விரிசல் விட்டதை வெல்டிங் வைத்து ஓட்டுவதை நான் ஒருவருக்கும் சொல்ல மாட்டேன். தேங்கிய தண்ணீரிலும் அகலமான டயர் சீக்கிரம் மிதக்கப் பார்க்கும், ஒல்லியான டயர் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு தரையைத் தொடும்.

பெரிய ரிம்மால் லாபமே இல்லையா என்றால், இருக்கிறது. பக்கச்சுவர் குட்டையாக இருந்தால் திருப்பங்களில் டயர் குழையாது, ஸ்டீயரிங்கை அசைத்த உடனே வண்டி திரும்பும். காய்ந்த, வழவழப்பான சாலையில் அது நல்ல சுகம். அந்த மாதிரிச் சாலை உங்கள் தினசரி வழியில் எத்தனை கிலோமீட்டர் இருக்கிறது என்பதை நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

அடுத்து எடை. இதில்தான் கதைகள் அதிகம். "வீல்ல ஒரு கிலோ குறைச்சா வண்டில பத்து கிலோ குறைச்ச மாதிரி ப்ரோ" என்று கடைக்குக் கடை சொல்வார்கள். எனக்கு அது இடித்துக்கொண்டே இருந்ததால் எடை போட்டே பார்த்துவிட்டேன். காசிமேட்டில் மீன் ஏலம் எடுக்கிற மாமா ஒருவரிடம் கொக்கி மாட்டித் தொங்கவிடுகிற எலக்ட்ரானிக் தராசு இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, வியாபாரம் முடிந்த பிறகு, வஞ்சிரம் தொங்கிய அதே கொக்கியில் வீலைத் தொங்கவிட்டோம். சித்தி பையன் வண்டியின் 14 அங்குல இரும்பு வீல், டயரோடு சேர்த்து 14.2 கிலோ. அவன் நண்பன் காட்டி ஆசை மூட்டிய 17 அங்குல அலாய், 205 டயரோடு 18.9 கிலோ. மாமா தராசைத் தட்டி மறுபடி போட்டுப் பார்த்தார், அதே 18.9.

அலாய் என்றாலே லேசு என்று நம்பியவர்களுக்கு இது அதிர்ச்சி. அலுமினியம் இரும்பைவிட லேசுதான், சந்தேகமில்லை. ஆனால் அது இரும்பு அளவுக்கு உறுதி கிடையாது, அதனால் தடிமனாக வார்க்க வேண்டும். ரிம்மின் விட்டமும் அகலமும் கூடியிருக்கிறது. மேலே 205 அகல டயர் வேறு. மலிவான வார்ப்பு அலாய்க்கும், அழுத்திச் செய்கிற ஃபோர்ஜ்டு வகைக்கும் எடையில் நிறைய வித்தியாசம் உண்டு, விலையிலும் அப்படித்தான். கடையில் ரிம்மின் எடை எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பதில் வராது, டிசைன் பெயர்தான் வரும்.

சரி, அந்த 4.7 கிலோ என்ன செய்யும்? இதைப் புரியவைக்க வடசென்னையில் இருந்துகொண்டு குத்துச்சண்டையை விட்டு வேறெங்கே போவது. போட்டியில் போடுகிற 10 அவுன்ஸ் கிளவுஸ் 283 கிராம். பயிற்சியில் போடுகிற 16 அவுன்ஸ் 454 கிராம். வித்தியாசம் 170 கிராம், ஒரு செல்போன் அளவுக்குக்கூட இல்லை. அந்த 170 கிராமை இடுப்பில் கட்டிக்கொண்டு ஆடினால் உங்களுக்கே தெரியாது. கையின் நுனியில் மாட்டிக்கொண்டு மூன்று ரவுண்டு வீசிப் பாருங்கள், தோள் தொங்கிவிடும். எடை எவ்வளவு என்பதைவிட, அது எங்கே இருக்கிறது, எதை ஓயாமல் வேகம் கூட்டிக் குறைத்துக்கொண்டிருக்கிறோம் என்பதுதான் விஷயம்.

வீல் ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்கிறது, வண்டியோடு முன்னால் நகர்கிறது, கூடவே சுழலவும் செய்கிறது. இரண்டுக்கும் சக்தி இன்ஜின்தான் கொடுக்க வேண்டும். டயரின் வெளிவட்டத்தில் இருக்கிற ஒரு கிலோ, பிக்கப்பைப் பொறுத்தவரை சீட்டில் வைத்த கிட்டத்தட்ட 2 கிலோவுக்குச் சமம். ரிம்மின் வளையத்தில் இருக்கிற ஒரு கிலோ சுமார் ஒன்றரைக் கிலோ. நடுவில், வீல் மாட்டப்படுகிற ஹப்புக்குப் பக்கத்தில் இருப்பது ஒரு கிலோ ஒரு கிலோதான். இரண்டுக்கு மேல் போகவே போகாது, இயற்பியல் விடாது. ஆகப் பத்து கிலோ கதை வெறும் கதை.

இப்போது நம் தராசுக் கணக்கு. வீலுக்கு 4.7 என்றால் நாலுக்கு 18.8 கிலோ. பெரிய ரிம்மில் உலோகம் மையத்தைவிட்டு இன்னும் தள்ளிப் போயிருக்கிறது என்பதையும் சேர்த்தால், வண்டியில் சுமார் 30 கிலோ கூடுதலாக ஏற்றின மாதிரி. நாலாம் வகுப்புப் பிள்ளை ஒன்றைப் பின்சீட்டில் எப்போதும் உட்காரவைத்துக்கொண்டு ஓட்டுவது போல. ஏறக்குறைய 900 கிலோ வண்டி, உள்ளே இரண்டு ஆள் என்று வைத்தால் 3 சதவீதம். பூஜ்யத்திலிருந்து நூறுக்கு 12 விநாடி எடுக்கிற வண்டி 12.3 அல்லது 12.4 எடுக்கும். மூலக்கடை சிக்னலில் யாருக்கும் தெரியாது.

இவ்வளவுதானா என்று சித்தி பையன் சந்தோஷப்பட்டான். நேர்க்கோட்டில் இவ்வளவுதான். ஆனால் எடையின் பெரிய சேதம் வேறு இடத்தில் இருக்கிறது, மேலும் கீழுமாக.

வண்டியின் உடம்பு, இன்ஜின், நாம் எல்லாரும் ஸ்பிரிங்குக்கு மேலே உட்கார்ந்திருக்கிறோம். வீல், டயர், டிஸ்க், காலிபர், ஹப் இவை எல்லாம் ஸ்பிரிங்குக்குக் கீழே. மேட்டில் ஏறும்போது கீழே இருக்கிற கூட்டம் எகிறுகிறது, ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் அதைப் பிடித்துத் திரும்பத் தரையில் அழுத்த வேண்டும். கீழ் எடை கூடினால் எகிறினது இறங்க நேரம் எடுக்கும். அதற்குள் அடுத்த பள்ளம் வந்துவிடும். துறைமுகத்தில் வேலை பார்க்கிறவர்கள் போடுகிற இரும்பு முனை ஷூவோடு பஸ்ஸைத் துரத்தி ஓடிப் பாருங்கள், அதே தூரத்தைச் செருப்போடு ஓடிப் பாருங்கள். வீலும் ஒவ்வொரு குண்டுகுழியிலும் அப்படித்தான் ஓடுகிறது. டயர் தரையை விட்டு எழும்பி நிற்கிற அந்த நொடியில் பிரேக்கும் கிடையாது, ஸ்டீயரிங்கும் கிடையாது. எகிறுவதன் அடியெல்லாம் புஷ், பால் ஜாயின்ட், பேரிங் என்று ஒவ்வொன்றாகப் போய்ச் சேரும், பில் ஆறு மாதம் கழித்து வரும்.

இன்னொரு தப்பும் நடக்கிறது, அதைச் செய்கிறவர்கள் வேறு ரகம். "கிரவுண்ட் கிளியரன்ஸ் ஏத்தறோம்" என்று முழு வீலையே உயரமாக்குவார்கள். அதே ஸ்விஃப்டில் 205/60 ஆர்16 போட்டால் முழு உயரம் 652 மி.மீ, பழையதைவிட 5 சதவீதம் அதிகம். வண்டி 16 மி.மீ உயரும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வீல் ஒரு சுற்றுச் சுற்றினால் போகிற தூரமும் 5 சதவீதம் கூடிவிட்டது, அதாவது எல்லா கியரும் 5 சதவீதம் இழுவை குறைந்த கியராக மாறிவிட்டது. எடையால் போனது 3 சதவீதம், இதனால் போவது 5. ஸ்பீடோமீட்டருக்கு வீல் மாறியது தெரியாது. முன்பு 100 என்று காட்டிய வேகம் இப்போதும் 100 என்றே காட்டும், வண்டி முன்பைவிட 5 சதவீதம் வேகமாகப் போய்க்கொண்டிருக்கும். கிலோமீட்டர் கணக்கும் குறைவாக ஓடும், அதனால் "மைலேஜ் விழுந்துடுச்சு" என்று புலம்புகிறவர்களின் புலம்பலில் ஒரு பங்கு வெறும் கணக்குப் பிழை. இன்னொரு பங்கு நிஜம்: அகல டயர், அதிக உராய்வு, அதிகக் காற்றுத் தடை.

பிரேக்குக்கும் இதே 5 சதவீதம் வலிக்கும். மிதியை அதே அளவு மிதித்தால் டிஸ்க்கில் கிடைப்பது அதே முறுக்குப் பிடி. அந்தப் பிடி தரைக்குப் போய்ச் சேரும்போது வீலின் ஆரத்தால் வகுபடுகிறது. வீல் பெருத்தால் தரையில் கிடைக்கிற இழுப்பு குறையும். நீங்கள் கொஞ்சம் அதிகமாக மிதிக்க வேண்டியிருக்கும்.

பிரேக்குக்கு வந்தாச்சு, இங்கே நின்று பேசுவோம்.

பிரேக் என்பது வேகத்தை வெப்பமாக்குகிற கருவி. ஆளோடு சேர்த்து 1000 கிலோ எடை வண்டி 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்கும்போது வெளிப்படுகிற ஆற்றல் சுமார் 386 கிலோ ஜூல். டீக்கடைக் கணக்கில் சொன்னால், ஒன்றே கால் லிட்டருக்கு மேல் பச்சைத் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவைக்கிற சூடு. நாலு விநாடியில், நாலு சக்கரத்தில், அதிலும் பெரும்பங்கு முன்பக்கம். ஒரு தடவை என்றால் டிஸ்க் தாங்கிவிடும். மலையிறக்கத்தில் திரும்பத் திரும்ப மிதித்தால் சூடு சேர்ந்துகொண்டே போகும், ஒரு கட்டத்துக்கு மேல், டிஸ்க்கை அழுத்துகிற பேடு பிடிக்காது. பெரிய டிஸ்க் எதற்கு என்றால் இதற்குத்தான்: சூட்டை வாங்கிக்கொள்ள அதிக இரும்பு, ஆற்றிக்கொள்ள அதிகப் பரப்பு, பேடு மையத்திலிருந்து தள்ளிப் பிடிப்பதால் அதே அழுத்தத்துக்கு அதிக முறுக்குப் பிடி.

பெரிய பிரேக் போட்டால் சீக்கிரம் நிற்கும் என்று நினைத்துத்தான் என் முந்தைய ஓனரும் செலவு செய்திருப்பார். உண்மையில் வண்டியை நிறுத்துவது டயர், டயருக்கும் தரைக்கும் இருக்கிற பிடி. இருக்கிற பிரேக்கை ஓங்கி மிதித்தால் வீல் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற ஏ.பி.எஸ். துடிக்கிறதா? அப்படியென்றால் உங்கள் பிரேக்கிடம் டயர் தாங்குவதைவிட அதிக பலம் ஏற்கெனவே இருக்கிறது. இதற்கு மேல் டிஸ்க்கைப் பெரிதாக்கினால் முதல் தடவை நிற்கிற தூரம் குறையாது, பத்தாவது தடவையும் அதே மாதிரி நிற்கும் என்பதுதான் லாபம். ரேஸ் ஓட்டுகிறவருக்கு அது வேண்டும். ராயபுரத்திலிருந்து மாதவரம் போய் வருகிறவருக்கு நல்ல டயரும் புது பிரேக் ஆயிலும் போதும்.

ரிம் ஏன் பெரிதாகிறது என்பதற்கான நிஜக் காரணமும் இங்கேதான் இருக்கிறது. பிரேக் பெருத்தால் அதற்கு வீடு பெரிதாக வேண்டும். ஃபார்முலா 1 கார்கள் 2021 வரை 13 அங்குல ரிம்மில்தான் ஓடின, நம்ம ஊர் ஸ்விஃப்டின் ரிம்மைவிடச் சின்னது. அவ்வளவு குட்டி ரிம்முக்குள் அடங்குகிற மாதிரி டிஸ்க் 278 மி.மீ-தான். 2022-ல் 18 அங்குலத்துக்கு மாறியபோது முன் டிஸ்க்கும் 330 மி.மீ பக்கம் வளர்ந்தது. கம்பெனிகள் மேல் மாடலில் பெரிய இன்ஜினோடு பெரிய டிஸ்க்கும், அதற்கேற்ற ரிம்மும் போடுகிறார்கள். நாம் ரிம்மை மட்டும் பார்த்து ஆசைப்படுகிறோம். 17 அங்குல அலாயின் அகன்ற இடைவெளிக்குள் சாப்பாட்டுத் தட்டில் வைத்த ஒற்றை இட்லி மாதிரி சின்ன டிஸ்க் தெரிகிற வண்டிகளை எம்.கே.பி. நகரில் தினமும் பார்க்கலாம். கிண்டல் பண்ணவில்லை, கொஞ்சம் பண்ணுகிறேன்.

என் ஸ்டெப்னி ஏன் இடித்தது என்பதை இப்போது கணக்காகவே பார்க்கலாம். 14 அங்குல ரிம் என்றால் 355.6 மி.மீ, ஆனால் அது டயரின் ஓரம் உட்காருகிற இடத்தின் விட்டம். உள்ளே காலிபருக்குக் கிடைக்கிற வெற்றிடம் அது இல்லை. உலோகத்தின் தடிமன் போகும், டயரை மாட்டிக் கழற்ற வசதியாக ரிம்மின் நடுவே விடுகிற பள்ளம் போகும். தோராயமாக 3 அல்லது 4 சென்டிமீட்டரைக் கழித்துக்கொள்ளுங்கள், 320 மி.மீ பக்கம் மிஞ்சும். டிஸ்க்கைக் கவ்விக்கொண்டிருக்கிற காலிபர் டிஸ்க்கின் ஓரத்தைத் தாண்டி 3 சென்டிமீட்டர் வெளியே துருத்தும். காலிபர் ஒரு பக்கம்தான் இருக்கிறது, ஆனால் ரிம் சுற்றிக்கொண்டே இருக்கும் என்பதால் எல்லாப் பக்கமும் அந்த இடம் வேண்டும். 250 மி.மீ டிஸ்க் என்றால் 250 கூட்டல் 60, மொத்தம் 310, ஒட்டி உரசி உள்ளே போய்விடும். என் வண்டியில் இருந்தது 280. 340 வேண்டும், இருப்பது 320. எத்தனை தட்டினாலும் ஏறாது.

மேல் மாடல் கார்களில் கம்பெனியே 15 அங்குல அலாய் போட்டுவிட்டு ஸ்டெப்னிக்கு 14 அங்குல இரும்பு வீல் கொடுப்பது உண்டு. அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது அந்த பிரேக்கில் ஏறுமா என்று பார்த்துத்தான் கொடுக்கிறார்கள். பிரச்சினை, இரண்டில் ஒன்றை நாம் மாற்றும்போதுதான்.

விட்டம் சரியாக இருந்தாலும் இன்னொரு இடத்தில் இடிக்கலாம், ஸ்போக்கின் பின்பக்கம். காலிபர் வெளிப்பக்கமாகவும் துருத்திக்கொண்டிருக்கும். ஸ்போக் உள்பக்கம் வளைந்திருந்தால் நேராக அதன் முதுகில் உரசும். அதனால்தான் ஒரே 16 அங்குலத்தில் ஒரு டிசைன் ஏறும், இன்னொன்று ஏறாது. அப்போது கடைக்காரர், ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவே வைக்கிற ஒரு ஸ்பேசர் தட்டை எடுத்து நீட்டுவார். தட்டு எவ்வளவு தடிமனோ அவ்வளவு தூரம் போல்ட்டில் நட்டு பிடிக்கிற மரை குறையும். நட்டு நாலைந்து சுற்றுக்கு மேல் இறங்காத வீலோடு நான் தெருமுனைக்குக்கூடப் போக மாட்டேன்.

ரொம்பச் சின்ன விஷயம் ஒன்று. அலாய்க்கு பேலன்சிங் செய்யும்போது உள்பக்கம் ஒட்டுகிற எடைத்துண்டு இருக்கிறதே, அதற்கும் இடம் வேண்டும். ஒரு கடையில் எனக்கு அதைக் காலிபருக்கு நேராக ஒட்டிவிட்டார்கள். வெளியே வந்து முப்பதில் போகும்போது டிக், டிக், டிக், வேகத்தோடு சேர்ந்து கூடுகிற சத்தம். பேரிங் போச்சு என்று பயந்து, திருவொற்றியூர் நெடுஞ்சாலை ஓரமாக நிறுத்தி வீலைக் கழற்றிப் பார்த்தால், எடைத்துண்டின் மேல்பக்கம் பளபளவென்று தேய்ந்திருந்தது. இரண்டு விரல் தள்ளி ஒட்டியதும் சத்தம் நின்றது.

மீதி அளவுகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பி.சி.டி. என்பது போல்ட் ஓட்டைகள் உட்கார்ந்திருக்கிற வட்டத்தின் விட்டம். ஸ்விஃப்டுக்கு நாலு ஓட்டை, 100 மி.மீ. சில பழைய ஃபியட் கார்களில் 98 வரும். 2 மி.மீ-தானே என்று இழுத்து மாட்டினால் மாட்டிக்கொள்ளும், நட்டு கோணலாக உட்காரும், ஓட ஓடத் தளரும். நடு ஓட்டை ஸ்விஃப்டுக்கு 54.1 மி.மீ, வெளியே வாங்குகிற அலாயில் அது பெரும்பாலும் பெரிதாக இருக்கும், நடுவே பொருத்த ஒரு வளையம் உண்டு, நூறு இருநூறு ரூபாய்ச் சாமானை மறந்துவிட்டு ஸ்டீயரிங் நடுங்குகிறது என்று மூன்று தடவை பேலன்சிங் செய்தவர்களைத் தெரியும்.

ஆஃப்செட் கொஞ்சம் யோசிக்க வைக்கும். ரிம் ஹப்பில் ஒட்டுகிற முகம், ரிம்மின் அகலத்தின் சரிபாதியிலிருந்து எவ்வளவு வெளிப்பக்கம் தள்ளியிருக்கிறது என்பதுதான் இ.டி. எண். 6 அங்குல அகலம், இ.டி. 45 இருந்த இடத்தில் 7 அங்குல அகலம், இ.டி. 35 போடுகிறீர்கள் என்று வையுங்கள். அகலத்தால் வெளிப்பக்கம் 12.7 மி.மீ, ஆஃப்செட்டால் 10 மி.மீ, மொத்தம் 22.7 மி.மீ டயர் வெளியே வந்துவிட்டது. ஆள் ஏற்றினால் சக்கரத்துக்கு மேலே இருக்கிற ஃபெண்டரில் உரசும், மழையில் சேறு கதவு முழுக்க அடிக்கும், பேரிங்குக்குச் சுமை கூடும். உள்பக்கம் 2.7 மி.மீ வந்திருக்கிறது, அது பரவாயில்லை.

டயரில் அளவுக்குப் பக்கத்தில் இருக்கிற சுமைக் குறியீட்டையும் பாருங்கள். 88 என்றால் டயர் ஒன்றுக்கு 560 கிலோ, 85 என்றால் 515, 84 என்றால் 500. அகலம் கூடினால் தாங்கும் சக்தியும் கூடும் என்று நினைப்பார்கள், ஆனால் குட்டைப் பக்கச்சுவர் டயரில் காற்று கொள்ளுகிற இடம் குறைவு. 205/45 ஆர்17 சாதாரண வகையில் 84-தான், 14 அங்குல ஒல்லி டயரின் 85-ஐவிடக் கீழே.

சித்தி பையன் கடைசியில் 15 அங்குலத்துக்கு ஒத்துக்கொண்டான், 185/65. அவன் வண்டியின் மேல் மாடலுக்குக் கம்பெனியே கொடுக்கிற அளவு. யாரோ கழற்றி விற்ற கம்பெனி அலாய் கிடைத்திருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும், ஆனால் அவனுக்கு டிசைன் வேண்டும், ஐந்து ஸ்போக், கறுப்பு. சரி, ஏறுமா என்று பார்த்துவிட்டுக் காசு கொடு என்றேன். இதற்கு ஒரு வழி இருக்கிறது, கருவி எதுவும் வேண்டாம். சித்தியிடம் சப்பாத்தி மாவு ஒரு உருண்டை வாங்கிக்கொண்டு போனோம். காலிபரின் மேல்பக்கம் ஒரு துண்டு, ஸ்போக் பார்க்கிற முகத்தில் ஒரு துண்டு ஒட்டினோம். டயர் போடாத வெறும் ரிம்மை மாட்டி, நட்டுகளைக் கையால் இறுக்கி, ஒரு முழுச் சுற்றுச் சுற்றவிட்டுக் கழற்றினோம். நசுங்கின பிறகு மாவு எவ்வளவு தடிமன் மிஞ்சியிருக்கிறதோ அதுதான் இடைவெளி. 3 மி.மீ-க்குக் கீழே போனால் நான் வேண்டாம் என்பேன். ரிம்மும் காலிபரும் சூட்டில் கொஞ்சம் விரியும், திருப்பத்தில் கொஞ்சம் நெளியும், சின்னக் கல் வந்து மாட்டும்.

கடைக்காரர் முதலில் சிரித்தார், அப்புறம் அவரே ஸ்கேல் எடுத்துவந்து கொடுத்தார். மேல்பக்கத்து மாவு தொடப்படவே இல்லை. ஸ்போக் பக்கத்தில் இருந்தது நசுங்கி 5 மி.மீ இருந்தது.

"ஏறிச்சு" என்றான். ஸ்டெப்னியையும் டிக்கியிலிருந்து இறக்கி, அதையும் ஒரு தடவை முன்பக்கம் மாட்டிப் பார்க்கச் சொன்னேன்.